டிக்கி மூடி விழுந்த நாள்

"அக்கா, இன்னிக்கு எது விழுந்துச்சு? பானெட்டா, கதவா?"

பெயிண்டர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. கேள்விதான் கேலியாக இருந்தது. கண் அவள் இடது கன்னத்தில் நின்றது. கன்னம் பழுத்து வீங்கி, கண்ணைப் பாதி மூடியிருந்தது.

"கதவு," என்றாள் மேஸ்திரியின் மனைவி. "அந்த வெள்ளை வண்டியோட கதவு. காத்துல திரும்பி வந்து அடிச்சிடுச்சு."

"அந்த வண்டிக்குக் கதவே இல்லையேக்கா. நேத்துக் காலையில நான்தானே கழட்டி வச்சேன்?"

"அப்போ வேற வண்டி. நீ என்ன இன்சூரன்ஸ் ஆபீசரா? போய்ப் பட்டியைக் கலக்கு."

பெயிண்டர் போகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் மூக்கு எந்த வண்டிக்குக் கடைசியாக வர்ணம் அடித்தானோ அந்த நிறத்தில் இருக்கும். இன்றைக்கு நீலம்.

"ஒரு நாள் உண்மையிலேயே பானெட் விழப்போகுது, அப்ப யாரும் நம்பப்போறதில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அது அடிபட்ட வண்டிகளுக்கு ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறை. முன்பக்கம் தகரக்கூரை போட்ட முற்றம், பின்பக்கம் இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் அடிபடுவது ஒன்றும் புதிதில்லை. அடிபட்டால் அதற்கு ஒரு வண்டியின் பாகத்தைப் பழி சொல்வதும் பழக்கமாகிவிட்டது. விலா வலித்தால் ஜாக்கி நழுவியது. உதடு கிழிந்தால் பம்பர் இடித்தது. விரல் நசுங்கினால் கதவு. தெருமுனை ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் நர்ஸ் ஒருமுறை பஞ்சை நனைத்துக்கொண்டே கேட்டாள்: "வர்ற வண்டி எல்லாம் உங்க மேலயே ஏம்மா இப்படிக் கோபமா இருக்கு? உங்க வீட்டுக்காரர் மேல ஒண்ணுகூட விழக் காணோமே?" மேஸ்திரியின் மனைவியும் சிரித்துவைத்தாள். சிரித்தபோது உதட்டுத் தையல் இழுத்தது.

முந்தின நாள் மாலைதான் முடிவு வந்தது. கல்லூரியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. நாடு முழுக்க ஒரே நாளில், ஒரே கேள்விகள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுவது. மகள் போனைப் பார்த்துப் படித்தாள். அவளை எல்லோரும் சுண்டு என்றே கூப்பிடுவார்கள். ஆள் சின்னது, கை அதைவிடச் சின்னது.

"சீட் கிடைச்சிருக்குப்பா."

"எங்க?"

"ரொம்ப தூரம். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும்."

"நம்ம ஊர்ப் பெரிய காலேஜ்?"

"அதுக்கு மார்க் பத்தல."

மேஸ்திரி, மகள் கையிலிருந்து போனை வாங்கி, பூப்போல மேஜைமேல் வைத்தார். அப்புறம் திரும்பி மனைவியை அறைந்தார். "புள்ள படிக்கிற நேரத்துல நீ என்னடி பண்ணிட்டிருந்த? அந்தக் காலேஜ் வாத்தியாருங்க வண்டி பூரா எங்கிட்டதான் வருது. ஒவ்வொருத்தன்கிட்டயும் அடுத்த வருஷம் என் பொண்ணு வருவான்னு சொல்லிவச்சிருக்கேன். என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சிக்கிறது?" அவள் சுவரோரம் சரிந்தாள். வயிற்றில் உதைத்தார். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓங்கும்போது சுண்டு நடுவில் பாய்ந்தாள். மகள்மேல் அவர் கை வைக்கமாட்டார். கதவு இடுக்கில், மட்கார்டு மடிப்பில், யார் கையும் நுழையாத இடத்தில் சுண்டுவின் கைதான் நுழையும். அது தொழிலுக்கு வேண்டிய கை. ஓங்கிய கையைக் கடைசி நேரத்தில் திருப்பினார். அது தூணில் போய் மோதியது. வலது மணிக்கட்டு அப்போதே உப்பிவிட்டது.

அதனால்தான் இன்று காலையில் பட்டறையில் முறை மாறியிருந்தது.

ஒடுக்கு எடுப்பது இரண்டு பேர் வேலை. தகட்டுக்கு உள்பக்கம் ஒருவர் டாலி என்கிற இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்கவேண்டும். வெளிப்பக்கம் ஒருவர் சுத்தியலால் தட்டவேண்டும். உள்ளே இருப்பவர் 'ம்' என்று குரல் கொடுத்தால்தான் வெளியே இருப்பவர் அடிப்பார். குரல் வராமல் அடித்தால் உள்ளே விரல் இருக்காது. சின்ன வயதிலிருந்து சுண்டுதான் உள்ளே, மேஸ்திரிதான் வெளியே. இன்று சுத்தியல் பிடிக்க அவருக்கு முடியவில்லை. "நீ அடி, நான் உள்ள போறேன்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

அவர் வருவதற்குள் மேஸ்திரியின் மனைவி மகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் ஆளுக்கொரு வாட்டர் பேப்பர் உப்புத்தாளை நனைத்து, ஒரு பழைய கதவைத் தேய்க்கிற மாதிரி குந்தினார்கள்.

"சீட் வேணுமா வேணாமான்னு எப்ப சொல்லணும்?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள."

"வேணும்னு சொல்லிடு."

"வேணாம்னு சொல்லப்போறேம்மா. அடுத்த வருஷம் திரும்ப எழுதறேன். அப்பா சொல்றதுதான் சரி. அது ஒரு காலேஜா? யாருக்கும் பேர்கூடத் தெரியாது."

"யாருக்கும் பேர் தெரியலன்னா நல்லதாப் போச்சு. அவருக்கும் வழி தெரியாது. போ."

"நான் போகல."

"ஏண்டி?"

"எனக்குப் பெரிய காலேஜ்தான் வேணும்."

"பொய் சொல்ற. நீ பொய் சொன்னா காது சிவக்கும். இப்பச் சிவக்குது."

"வெயில்மா."

"கூரைக்குக் கீழ ஏதுடி வெயில்? இன்னொரு வருஷம் இந்த வீட்டுல இருக்கணும்னு உனக்கென்ன ஆசை? தினம் பார்க்கிறது போதலையா?"

"எனக்குப் புடிச்சிருக்கு, இருக்கேன். உனக்கென்ன?"

ஈரக்கையால் அவள் மகளை ஓங்கி அறைந்தாள். பெற்ற நாளிலிருந்து அடித்ததில்லை. சுண்டுவின் கன்னத்தில் பட்டித் தூள் ஐந்து விரலாக ஒட்டிக்கொண்டது. தாய் அந்தத் தடத்தையே பார்த்தாள். அச்சு அசல் மேஸ்திரி கை மாதிரியே விழுந்திருந்தது.

"நல்லாக் கத்துக்கிட்டிருக்கம்மா," என்று சொல்லிவிட்டு, சுண்டு எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து லாரி இடித்த வண்டி அது. பழைய காலத்து மாடல், பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் முழுத் தகடு அடைத்திருக்கும். பின்விளக்குகளைக் கழற்றி வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் கை நுழைகிற ஓட்டைகள். பூட்டின் சாவித் துளையும் நசுங்கிப் பிடுங்கப்பட்டிருந்தது. மூடிவிட்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பித்தான் திறக்கவேண்டும். மேஸ்திரி டிக்கிக்குள் ஏறி, முழங்காலை மடக்கி, இடது கையில் டாலியோடு பக்கவாட்டில் சாய்ந்தார். சுண்டு வெளியே விளக்கு ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தினாள். மூடி மேலே திறந்து நின்றது.

மேஸ்திரியின் மனைவி அடுத்த வண்டியின் கண்ணாடிக்குப் பழைய பேப்பர் வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பெயிண்ட் அறையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது.

"ம்."

டங்.

"ம்."

டங்.

"நல்லாத்தான் அடிக்கிற. என் ரத்தம்ல," என்றார் உள்ளேயிருந்து. "கோச்சிங்ல சேர்த்துவிடறேன். காலையில போ. மத்தியானம் வந்து வண்டிக்குப் புடி. ம்."

டங்.

"எத்தனை கேள்வி விட்ட?"

"ஒண்ணும் விடலப்பா."

"அப்புறம் எப்படிக் குறைஞ்சுது? எல்லாம் அவளாலதான். படிக்கிற புள்ளையைத் தேய்க்கக் கூப்பிட்டா மண்டையில என்ன நிக்கும்? சாயங்காலம் இந்தக் கை வீக்கம் வத்தட்டும், நேத்து பாதியில விட்டதை முடிச்சிடறேன். நீ குறுக்க வராத. ம்."

சுத்தியல் விழவில்லை.

"ம்னு சொன்னேன்ல? அடி."

"அம்மா மேல தப்பில்லப்பா."

"அடிடின்னா."

"நான்தான் வேணும்னே தப்பாப் போட்டேன். சரியான பதில் எதுன்னு தெரியும். தெரிஞ்சே பக்கத்துல இருக்கிறதை அமுக்கினேன். எந்தக் காலேஜும் கிடைக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். கேள்வி எல்லாருக்கும் கஷ்டமாப் போனதால கட்-ஆஃப் இறங்கிடுச்சு, அதுல எனக்கும் ஒண்ணு விழுந்துடுச்சு."

டேப் தாயின் கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னடி உளர்ற?"

"நான் குறுக்க வர்றதாலதான் நீங்க பாதியில நிறுத்தறீங்க. நான் போயிட்டா யார் குறுக்க வருவாங்க? ஒரேயடியா முடிச்சிடுவீங்க."

டாலி டிக்கித் தரையில் விழுந்த சத்தம். விளக்கு ஓட்டையிலிருந்து ஒரு கை பாம்பு மாதிரி சரேலென்று வந்தது. சுண்டுவின் பின்னலைச் சுருட்டிப் பிடித்து இழுத்தது. அவள் நெற்றி தகட்டில் போய் மோதியது. மறுபடி இழுத்தது. மறுபடி மோதியது. ஒடுக்கு எடுத்த இடத்தில் புதிதாக ஓர் ஒடுக்கு விழுந்தது. அதன்மேல் ரத்தம் வழிந்தது.

"ஊரையே சிரிக்க வச்சிட்டியேடி! என்னை ஏமாத்தினியா? என்னை?"

மேஸ்திரியின் மனைவி ஓடிவந்தாள். என்ன செய்யவேண்டும் என்று அவள் யோசிக்கவில்லை. நிமிர்ந்து வெளியே வரப்பார்த்த அந்தத் தலைமேல் டிக்கி மூடியை இரண்டு கையாலும் பிடித்து அறைந்து மூடினாள். உள்ளே தலை முட்டியது. பூட்டு விழுந்தது. ஆனாலும் வெளியே நீண்டிருந்த கை பின்னலை விடவில்லை. இன்னும் இறுக்கி இழுத்தது. சுண்டு கழுத்து மடங்கி, மூச்சு முட்டிக் கீச்சிட்டாள். கீழே கிடந்த சுத்தியலைத் தாய் எடுத்தாள்.

"விடு."

கை விடவில்லை.

"விடுங்கன்னு சொல்றேன்."

விடவில்லை. அவள் அடித்தாள். ஓட்டையின் விளிம்பில் மணிக்கட்டு நிற்க, மேலிருந்து நேராக இறங்கியது சுத்தியல். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் வராமல், காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளேயிருந்து வந்த அலறலில் முற்றத்துத் தகரக்கூரை அதிர்ந்தது.

கம்ப்ரஸர் நின்றது. பெயிண்டர் நீல மூக்கோடு ஓடிவந்தான்.

"அய்யோ, என்னக்கா ஆச்சு?"

"டிக்கி மூடி விழுந்துடுச்சு."

"மேஸ்திரி எங்க?"

"உள்ள."

பெயிண்டர் வண்டியைப் பார்த்தான். வெளியே தொங்குகிற கையைப் பார்த்தான். சுத்தியலைப் பார்த்தான். "அதுவும் போச்சா? வலது கை நேத்தே போச்சு," என்றான் மெல்ல. "திறக்கட்டுமாக்கா?"

"ஸ்க்ரூடிரைவரை எங்கிட்ட குடு. ஓட்டை இருக்கு, மூச்சு வரும். நீ போய்ச் சுத்தமான துணி கொண்டா. புள்ளைக்கு நெத்தி கிழிஞ்சிருக்கு."

உள்ளே உதை விழுந்தது. மூடி எகிறி எகிறி அடங்கியது. "திறடி! வெளிய வந்தா உன்னைக் கண்டதுண்டமா வெட்டிப் போட்டுடுவேன்! திற!"

அவள் மகளைத் தூக்கி, அந்த டிக்கிக்கு எதிரிலேயே கவிழ்த்துப் போட்ட டப்பாவின்மேல் உட்காரவைத்தாள். பெயிண்டர் கொண்டுவந்த துணியை நெற்றியில் அழுத்தினாள்.

"ஏண்டி, உன்னைக் கணக்குல புலின்னு எல்லாரும் சொல்றாங்களே?"

சுண்டு அழுதுகொண்டே நிமிர்ந்தாள்.

"நீ தப்பா எழுதினா நீ இங்க இருப்ப. நீ இருந்தா நான் தப்பிப்பேன். இதானே உன் கணக்கு? நேத்து நீ தப்பா எழுதினதுக்கு அடி யாருக்கு விழுந்துச்சு? இந்தக் கண்ணைப் பாரு. மக்கு. இவ்வளவு மக்கை எந்தக் காலேஜ்ல சேர்த்துக்கிட்டாங்கன்னுதான் தெரியல."

சுண்டுவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து மூக்கில் அடைத்தது. "ம்மா... ஆனா இன்னொரு தடவை எழுதினா நிஜமாவே பெரிய காலேஜ் கிடைக்கும்மா. ஒழுங்கா எழுதினா கிடைக்கும். எனக்கே தெரியும். அதுவும் ஆசையாத்தான் இருக்கு."

இதைத் தாய் எதிர்பார்க்கவில்லை. மகளின் காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை.

"பெரிய காலேஜ் எங்க இருக்கு?"

"இங்கதான். நாலு தெரு தள்ளி."

"அப்போ அது சின்னக் காலேஜ்தான்."

உள்ளே உதை நின்றிருந்தது. ஓட்டை வழியாக ஒரு கண் தெரிந்தது. குரல் மாறிப்போயிருந்தது, வண்டி எடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற குரல்.

"சுண்டு. கண்ணு. அப்பாவுக்குக் கை போச்சுடா. அதுகூடப் பரவாயில்ல. நீ திரும்ப எழுது. உன்னால முடியும். சத்தியமாச் சொல்றேன், உங்கம்மா மேல இனிமே ஒரு விரல்கூடப் படாது."

சுண்டு எழுந்து ஓட்டைக்கு அருகில் போனாள். தாய் மகளின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவாப்பா?"

"உன் தலைமேல சத்தியம்."

"அம்மாவைத் தொடவே மாட்டீங்களா?"

"தொட மாட்டேன்."

"எப்ப வரைக்கும்?"

"நீ பெரிய காலேஜ்ல சேர்ற வரைக்கும்டா."

பக்கத்தில் நின்ற பெயிண்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே இருந்தவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்ட நிம்மதியில் முனகினார். சுண்டு தாயைப் பார்த்தாள். அப்புறம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள். திரையில் ரத்தம் பட்டு விரல் வழுக்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள்.

"வேணும்னு போட்டுட்டேன்."

"காட்டு."

அவளுக்கு அந்தத் திரையில் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் முழுக்கப் பார்த்தாள்.

"இனிமே மாத்த முடியுமா?"

"முடியாது. நீ என்னம்மா பண்ணுவ?"

"ஒடுங்காத வண்டி ஓடுற ஊர் எங்கயாவது இருக்கா? டேப் ஒட்டறவளுக்கு எந்த ஊர்லயும் வேலை இருக்கும். ஹாஸ்டல்லதான் என்னைச் சேர்க்கமாட்டாங்க. வாசல்ல பட்டறை இருந்தா போதும்."

"அக்கா, அந்தப் பட்டறையில பெயிண்டர் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றான் பெயிண்டர்.

பிறகு மேஸ்திரியின் மனைவி சுத்தியலை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினாள். மூடி எழும்பியது. மேஸ்திரி வியர்வையில் நனைந்து, மண்டையில் முட்டை அளவு வீக்கத்தோடு, இரண்டு கையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுருண்டு கிடந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். வெட்டிப்போடுகிறேன் என்று சொன்னவர், "இறங்க முடியல, புடி," என்றார்.

பெயிண்டர்தான் பிடித்து இறக்கினான்.

ஆஸ்பத்திரிக்கு நால்வரும் நடந்தே போனார்கள். சுத்தியலை அவள் பட்டறையில் வைக்கவில்லை. முந்தானையில் சுற்றிக் கையோடு எடுத்துவந்திருந்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் விலகி வழிவிட்டார்கள். சுண்டுவுக்குத் தையல் போட்டார்கள். மேஸ்திரியைப் பெஞ்சில் உட்காரவைத்து நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டாள், அவர் துள்ளினார்.

"சுக்குநூறா உடைஞ்சிருக்கே. இந்தத் தடவை எந்த வண்டிங்க? என்ன விழுந்துச்சு?"

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. இத்தனை வருஷமும் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தையை அவர் முதல் முறையாகத் தன் வாயில் எடுத்தார்.

"டிக்கி மூடி."

நர்ஸ் தலையாட்டினாள். கட்டுத் துணியை எடுக்கத் திரும்பினாள்.

"மூடி தலையிலதான் விழுந்துச்சு," என்றாள் மேஸ்திரியின் மனைவி. "அதையும் நான்தான் போட்டேன். கையை உடைச்சது சுத்தியல். இதோ இருக்கு. நான் அடிச்சேன்."

"ஏய், வாயை மூடு!"

"என் கண்ணும் கதவு இல்ல சிஸ்டர். அந்த வண்டிக்குக் கதவே கிடையாது. இவனைக் கேளுங்க."

"கிடையாதுங்க," என்றான் பெயிண்டர். "நான்தான் கழட்டினேன்."

நர்ஸ் மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தாள். கட்டுத் துணியை வைத்துவிட்டு, அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் தானே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

"எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்? பானெட்லேர்ந்தா, அதுக்கு முன்னாடி ஜாக்கிலேர்ந்தா?"